முட்டுச்சந்தில் ஓர் அணிவகுப்பு

டிரைவரம்மாவின் வண்டிக்கு முன்னால் சைக்கிளில் போகிறவனுக்கு ஒன்று காது கேட்கக் கூடாது, இல்லை உயிர்மேல் ஆசை இருக்கக் கூடாது. தபால்காரருக்கு இரண்டுமே நன்றாக இருந்தன. பாவம், அன்றைக்கு ஏதோ யோசனையில் போய்க்கொண்டிருந்தார். மூலையில் திரும்பிய பள்ளிக்கூட பஸ் அடித்த ஹாரனில் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், ஊரார் கடிதமெல்லாம் சாக்கடை ஓரம். பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தவள் கடிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். "ரோட்டுல கனவு காணாதீங்க!" என்று ஒரு அதட்டும் போட்டுவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவர் தினமும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கடிதம் இருந்தால் கொடுப்பதற்கு. இல்லாவிட்டால், "இன்னைக்கு உங்களுக்குக் கடிதம் இல்லைங்க" என்று சொல்வதற்கு. இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வது?

அந்தக் கதவைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தவள் டிரைவரம்மாவின் அக்கா. அவளுக்கு வண்டி ரிப்பேர் செய்யும் பட்டறை சொந்தமாக இருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், "என்ஜின் முனகறதைக் கேட்டுக் கேட்டே காலம் போகுது, இன்னொரு முனகல் வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தங்கை கல்யாணத்துக்குப் பிறகும் மூவருக்கும் ஒரே வீடுதான். தெருக்கோடி வீடு. அதற்கு அப்பால் தெருவே இல்லை, ஒரு மதில்தான்.

யுத்தம் வந்தபோது அக்கா தங்கை இரண்டு பேரும் சின்னப் பெண்கள். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரையும் கேட்காமல் கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லாரிப் படையில் போட்டார்கள். ரொட்டி, மருந்து, போர்வை, தோட்டா, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு இரவில் போக வேண்டும். விளக்குப் போடக் கூடாது. போட்டால் மேலே பறக்கிறவன் குண்டு போட்டுவிடுவான். ஒவ்வொரு லாரிக்கும் பின்புற அச்சில் வட்டமாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் மட்டும் விழுகிற மாதிரி பொட்டு பல்பு ஒன்று வைத்திருப்பார்கள். பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முன் வண்டி திரும்பினால் நீயும் திரும்பு. ஏன், எங்கே என்று கேட்காதே. இதை அவர்கள் தூக்கத்தில்கூடப் பிசகாத அளவுக்கு மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

தங்கைக்கு ஆந்தைக் கண். அதனால் அவள் முதல் வண்டி. அக்கா கைபட்டால் செத்த என்ஜினும் எழுந்து உட்காரும். அதனால் அவள் கடைசி வண்டி. வழியில் எது படுத்தாலும் நின்று, சரிசெய்து, கூட்டிக்கொண்டு வர வேண்டியவள். முகாமுக்குள் நுழைந்ததும் கடைசி வண்டி இரண்டு முறை நீளமாக ஹாரன் அடிக்கும். எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். ஒரே ஓர் இரவு அந்த ஹாரன் அடிக்கவில்லை. அன்றைக்கு வராமல் போன பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு வெற்றி நாளும் இன்றுவரை தொடங்குகிறது.

யுத்தத்தில் ஜெயித்தாயிற்று. டிரைவரம்மா பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போனாள், அக்கா பட்டறைக்குப் போனாள், தலை நரைத்தது, முட்டி வலித்தது. ஆனால் வெற்றி நாள் வந்துவிட்டால் போதும், பழைய படையின் மிச்ச ஆட்களெல்லாம் இளவட்டங்கள் ஆகிவிடுவார்கள். பாதுகாத்து வைத்திருக்கும் ஏழு லாரிகளைக் கிடங்கிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, முன்னால் பேண்டு வாத்தியம் போக, பெரிய சாலை வழியாக ஊர்வலம். பின்பெட்டியில் பழைய வீரர்கள், ஸ்டியரிங்கில் பழைய டிரைவர்கள். முதலில் தங்கை, கடைசியில் அக்கா. அந்த வரிசை மாறவே இல்லை.

"சண்டையிலயும் தூசி, ஜெயிச்ச பிறகும் தூசி" என்று அக்கா வருஷா வருஷம் பொருமுவாள். "நாம ஜெயிச்சதை நான் இன்னும் கண்ணால பார்க்கலை. ஆறு லாரி மறைக்குது."

இந்தப் பொருமல் கடைசியில் சங்கத் தலைவரின் காதில் ஏறியது. இந்த வருஷம் முதல் வண்டி அக்காவுக்கு என்று முடிவாயிற்று. அப்பப்பா, அதற்குப் பிறகு அக்காவின் கால் தரையில் நிற்கவில்லை! பழைய சீருடைச் சட்டையைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றினாள். லாரியின் படி உயரம். கூட்டத்துக்கு முன்னால் தடுமாறக் கூடாதே என்று வீட்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி ஏறிப் பழகினாள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். நாளைக்கு ஆணி அடிக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள் டிரைவரம்மா. பிறகென்ன? ஸ்டூல் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சங்கத் தலைவர் பெரிய மனசு பண்ணி, "சரி, இந்தத் தடவையும் வழக்கம்போல தங்கச்சியே முதல் வண்டி ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போயே போயிற்று!

அக்கா தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கத்தினால்கூடத் தேவலை, கத்தவில்லை. எதுவாக இருந்தாலும் தபால்காரர் வழியாகத்தான். "தம்பி, உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லுங்க." அவர் இரண்டடி நடந்து, "உப்பு கம்மியாம்" என்பார். "கையெட்டற தூரத்துல டப்பா இருக்கு, போட்டுக்கச் சொல்லுங்க." மறுபடி இரண்டடி. பென்ஷன் வாங்குகிற மனுஷனுக்கு வீட்டிலேயே பட்டுவாடா வேலை.

டிரைவரம்மா வெளியே வீறாப்பாகத்தான் இருந்தாள். உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்காமல் ஒரு பொழுதும் அவளுக்கு விடிந்ததில்லை. அக்கா பேச வேண்டும். ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி. அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தாள். எதையும் என்றால் எதையும் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

வெற்றி நாள் காலை. பேண்டு வாசிக்கிறது, கொடிகள் ஆடுகின்றன, சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். முதல் லாரியில் டிரைவரம்மா விறைப்பாக உட்கார்ந்து வருகிறாள். இடது பக்கம் அவள் தெருவின் வாய் வந்தது. யோசிக்க எங்கே நேரம்? பேண்டுக்காரர்கள் முன்னால் போகட்டும், மற்ற லாரிகள் அவர்கள் பின்னால் போகட்டும். நான் மட்டும் சட்டென்று உள்ளே போய், அக்காவின் ஜன்னலோரம் நின்று, ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ரிவர்ஸில் வந்து வாலில் ஒட்டிக்கொள்கிறேன். ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். 'எனக்கென்ன ஊர்வலம் வேண்டிக்கிடக்கு' என்று தபால்காரரிடம் சொல்லி அனுப்பிய அக்கா, தேய்த்த சீருடைச் சட்டையைப் போட்டு, மெடலைக் குத்திக்கொண்டு, கீழே வீட்டுப் பாவாடையும் மாவுக்கட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

டிரைவரம்மா சல்யூட் அடித்தாள். அக்கா அடிக்கவில்லை. அவள் பார்வை தங்கையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, பக்கத்தில் நின்ற தபால்காரரிடம், "அவளைப் பின்னால திரும்பிப் பார்க்கச் சொல்லுங்க."

"பின்னால பார்க்கணுமாம்" என்றார் அவர்.

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தாள். அடக் கடவுளே! இரண்டாவது லாரி நிற்கிறது. அதன் பின்னால் மூன்றாவது. வரிசையாக ஏழும் உள்ளே வந்து, தெரு அடைத்துக் கிடக்கிறது.

இரண்டாவது லாரியின் டிரைவர் ஒரு காலத்துத் தோழி. கண்ணாடியின் கனத்தை வைத்து அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்டீ இங்க வந்தோம்?"

"நான் மட்டும்தான்டீ வந்தேன்! நீ ஏன் வந்த?"

"நீ திரும்பின, நான் திரும்பினேன். எங்க போறேன்னு கேக்கற பழக்கம் நமக்கு எப்ப இருந்துச்சு?"

அங்கே பெரிய சாலையில் பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். எதிரே சாலை காலி. ஒரு நாய் மட்டும் போயிற்று. அதற்குச் சல்யூட் அடித்த கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் மனுஷன் அப்படியே நின்றாராம். வாத்தியக்காரர்கள் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தெருவிலோ போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி ஊதி, "ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்துக் கத்துகிறார்? பின்னால் பார்க்கத் திரும்புகிற கழுத்து அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் இல்லை. எல்லாருக்கும் வாதம். ஆறாவது லாரி ஒரு பூந்தொட்டியை நசுக்கிவிட்டு நின்றது.

"தம்பி," என்றாள் அக்கா. குரலே மாறியிருந்தது. "என்னைத் தெரு முனைக்குத் தூக்கிட்டுப் போங்க. இருட்டுல, சேத்துல, ஒத்தையடிப் பாதையிலேர்ந்து இதுங்களைப் பின்னால எடுத்தவ நான். இது என்ன பெரிய தெரு!"

நாற்காலியோடு தூக்கினார்கள். தபால்காரர், மாடி வீட்டு வாத்தியார், இஸ்திரிக்காரர், விசிலை வாயில் கவ்வியபடி போலீஸ்காரர். மாவுக்கட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அக்கா முதல் லாரியிலிருந்து ஏழாவது லாரி வரைக்கும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு லாரியிலும் உட்கார்ந்திருந்த கிழங்கள் எல்லாம் எழுந்து சல்யூட் அடித்தார்கள். அக்காவும் பதிலுக்கு அடித்துக்கொண்டே போனாள். டிரைவரம்மாவின் லாரியைத் தாண்டும்போது மட்டும் தலையைச் சொறிந்துகொண்டாள்.

ஏழாவது லாரியை ஓட்டியவர் சங்கத் தலைவர். மற்றவர்கள் கிளப்பிய புழுதியில் மாவு மில்லில் வேலை பார்த்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அம்மா தாயே, வாங்க" என்று பக்கத்து இருக்கையில் அக்காவை ஏற்றிக்கொண்டார். அக்கா ஜன்னலில் தலையை நீட்டி ஆரம்பித்தாள். "ஏழு, இடது ஒடி! ஆறு, தொட்டிதான் போச்சே, இனி என்ன பயம், வா வா வா! சோடாபுட்டி, நேரா! நேரான்னா நேரா!" ஏழாவது சாலைக்கு வந்தது, ஆறாவது வந்தது, ஒவ்வொன்றாக வந்து நிமிர்ந்து நின்றன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாலில் இருந்தது இப்போது தலையில் இருந்தது.

அப்படியே கிளம்பினார்கள். வேறு என்ன செய்வது? அக்காவின் மாவுக்கட்டு ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம் போல நீட்டிக்கொண்டிருக்க, மேடைக்கு முன்னால் ஊர்வலம் வந்தது. மைக்கில் அறிவித்தவர் கையிலிருந்த தாளை மாற்றாமல் படித்தார். நடு வண்டியைத் தவிர எல்லாருக்கும் இன்னொருவருடைய வீரமெல்லாம் கிடைத்தது. ஜனம் சிரித்தது, கைதட்டியது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. எதிரே மறைக்க ஒரு லாரியும் இல்லாத சாலை. அவள் குழந்தை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

டிரைவரம்மா கடைசியில் வந்தாள். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் தூசி. இருமி இருமி, கண்ணைத் துடைத்துத் துடைத்து, முன்னால் போகிற ஆறு முதுகுகளையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். எது விக்குகிறது, எது புகைகிறது, எது பின்தங்குகிறது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் வண்டியில் போன அத்தனை இரவும் தன்னைத்தான் பெரிய தைரியசாலி என்று நினைத்திருந்தாள். பின்னால் ஒருத்தி எல்லாருக்காகவும் பயந்துகொண்டு வந்திருக்கிறாள்.

மேடை தாண்டியதும் சோடாபுட்டியின் லாரி படுத்துவிட்டது. ஐந்து லாரிகள் கிடங்குக்குப் போய்விட்டன. டிரைவரம்மா நின்றாள். கடைசி வண்டி நின்றுதானே ஆக வேண்டும்? வேடிக்கை பார்த்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, திட்டி, கெஞ்சி, பானெட்டைத் திறந்து தெரிந்ததையெல்லாம் பிடுங்கி மாட்டி, ஒரு வழியாக அது உறுமியது.

கிடங்கு முற்றத்தில் எல்லாரும் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் ஏழாவது லாரியிலிருந்து இறங்கவில்லை. என்ஜினை அணைக்கவும் விடவில்லை. முகம் வெளுத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத் தலைவர் டீயை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

சோடாபுட்டி உள்ளே வந்தாள். அவள் பின்னால், தலை முதல் கால் வரை புழுதியாக, டிரைவரம்மா. உள்ளே நுழைந்ததும் ஹாரனை அழுத்தினாள். நீளமாக ஒரு முறை. நீளமாக இன்னொரு முறை.

டீ டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. அக்கா கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சாவியைத் திருகி என்ஜினை அணைத்தாள்.

டிரைவரம்மா இறங்கி ஓடி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள். நாற்காலியோடு லாரியின் பின்பெட்டியில் வந்திருந்த தபால்காரர் பழக்கதோஷத்தில் நடுவில் வந்து நின்று, என்ன சேதி என்று அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைக் கையால் ஒதுக்கினாள்.

"ஏன்டீ இவ்வளவு நேரம்?" என்றாள் அக்கா. "உசுரே போச்சு எனக்கு. தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தியா நீ? நான் ஹாரன் அடிக்கற வரைக்கும்?"

டிரைவரம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சொல்லவே இல்லையேடீ" என்றாள் அக்கா.

"நீயும்தான் சொல்லலை."

அக்கா சட்டைக் கையால் தங்கையின் முகத்துப் புழுதியைத் துடைக்கப் பார்த்தாள். அது இன்னும் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இவளுக்கும் வந்தது, இரண்டு கிழவிகளும் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அடுத்த வருஷமும் நீயே முன்னால போக்கா" என்றாள் டிரைவரம்மா.

"போடீ. யாரு இப்படி உட்கார்ந்து சாகறது? எனக்குத் தூசியே தேவலை." அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டாள். "முதல்ல வீட்டுக்குப் போய் அந்த ஸ்டூலுக்கு ஆணி அடி."