பட்டியலில் விடுபட்ட பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஏன்'. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மின்விசிறி நின்றாலும் ஏன் என்பாள், மேலதிகாரி சிரித்தாலும் ஏன் என்பாள். பக்கத்து மேசைக்காரனாகிய என் உயிரைப் பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கட்சிகளுக்கு யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்ற பட்டியல்களைச் சரிபார்த்து அடுக்கிவைப்பது எங்கள் வேலை. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஈ காக்கை கூட வராது. எனக்கு அது நிம்மதி. அவளுக்கோ அந்தப் பட்டியல்கள் தொடர்கதை மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் ஏணி போட்டு, மேல் அடுக்கிலிருந்து பழைய கோப்புகளை இறக்கிப் படிப்பாள்.

"இங்க பாருங்க சார், ஆரம்பத்துல யாரு குடுத்தாங்கன்னு பேரே எழுதல. பெட்டியில வந்துச்சு, பெட்டியில போச்சு. அப்புறம் பேர் எழுதணும்னாங்க. பாத்தா, திரும்பத் திரும்ப அதே நாலு பணக்காரங்க. சரின்னு, ஒருத்தர் இவ்வளவுதான் குடுக்கலாம்னு வரம்பு வெச்சாங்க. அடுத்த வருஷமே குடுக்கறவங்க எட்டு மடங்கு! ஏன் சார் திடீர்னு இத்தனை பேருக்குத் தாராள மனசு?"

"தூசியக் கெளப்பாதம்மா, தும்மல் வருது" என்றேன்.

கேள்வி நியாயமானதுதான். பதில் அன்று மாலையே கிடைத்தது. இந்த வருடப் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர், ஒரே தேதியில், வரம்பு எவ்வளவோ அவ்வளவையும் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் கூரை ஓடு செய்யும் ஒரே தொழிற்சாலையின் ஆட்கள். பதினேழாவது பெயர் அவளுடைய அண்ணன். அங்கே லாரி ஓட்டுகிறவர். அந்தத் தொகை அவருடைய எட்டு மாதச் சம்பளம்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, நீ கட்சிக்குப் பணம் குடுத்தியா?"

"நானா? ஓட்டுப் போடவே மொதலாளி லீவு தரல."

"எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

"போனஸுக்குன்னு ஒரு தாள் நீட்டினாங்க. எல்லாரும்தான் போட்டோம்."

பணம் முதலாளியுடையது, பெயர் தொழிலாளிகளுடையது. கையெழுத்துப் போட்டவர்மேலும் வழக்கு வரலாம் என்றதும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டதாம். "ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா. கண்டுக்காம விட்டுடேன்" என்றாராம்.

அவள் விடவில்லை. அறிக்கை எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து இரண்டு பெயர்கள். மறுபடி எண்ணினேன், அதே நாற்பத்து இரண்டு. அவளிடம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாவமாக இருந்தது. நானாக இருந்தால் அறிக்கையே எழுதியிருக்க மாட்டேன். கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன்.

விசாரணைக்கு வரவேண்டியவர்களின் பெயர்களை வாசல் பலகையில் ஒட்டினார்கள். விசாரணை நாளன்று காலை, தொழிற்சாலைச் சட்டையோடு அண்ணன் வந்து அவள் மேசை முன் நின்றார்.

"என் பேர் எங்க?"

அவள் குனிந்துகொண்டாள்.

"வெளிய நிக்கறவங்க எல்லாம் என்னோட வேலை பாக்கறவங்க. 'உள்ள தங்கச்சி இருக்கா, உனக்கென்னப்பா கவலை'ன்னு ஒருத்தன் சிரிச்சுட்டே கேட்டான். இனிமே அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"வேலை போயிடும்ணா."

"தெரியும். அன்னிக்குப் பயந்துதான் சொன்னேன். இப்பவும் பயம்தான். ஆனா பணம் யாருதுன்னு அவங்க சொல்லும்போது நான் வீட்ல உக்காந்திருக்க முடியாது. எழுது."

மேலே அனுப்பியிருந்த அறிக்கைக் கோப்பை நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே நாற்பத்து மூன்றாவது பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, 'இவர் என் அண்ணன். அதனால் விட்டுவிட்டேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். தன் வேலைக்கும் அவளே உலை வைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, தடுக்கவில்லை.

அண்ணன் அதைப் படித்துப் பார்த்தார். தங்கையின் தலையில் ஒரு நிமிடம் கை வைத்தார். பிறகு வெளியே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.