சம்பங்கிக்கு ஆரத்தி

ராஜபாளையம் மாரிச்சாமியின் குதிரை சம்பங்கி முந்நூறு மாப்பிள்ளைகளைச் சுமந்தவள். அவள் கனைத்த கனைப்பில் அவர்களில் மூன்று பேர் மயங்கி விழுந்து, தெளிந்து, பிறகுதான் தாலி கட்டினார்கள் என்று மாரிச்சாமி சத்தியமே செய்வான். இப்போது மாப்பிள்ளைகள் திறந்த ஜீப்பில் போகிறார்கள். அதனால் அவளை வன்னியம்பட்டித் தோப்புக்கு ஓட்டி வந்தான். கைகால் இறுக்கமுள்ள பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கிறாள் அங்கே பிசியோதெரபிஸ்ட் செலினா. குதிரை நடக்க நடக்கப் பிள்ளையின் இடுப்பும் அசைந்து, உடம்பு தானாக நிமிரப் பழகுமாம்.

"போன வாரம் கொட்டுச் சத்தம் கேட்டு, பிள்ளைக்குப் பதிலா ஏத்தின மணல் மூட்டையோட ஆடிட்டா. இன்னிக்குப் பிள்ளை ஏறுது. ஏதாவது வம்பு பண்ணினா வேற குதிரைதாண்ணே" என்றாள் செலினா.

வேறு குதிரை வந்தால் சம்பங்கியை விற்றுவிட வேண்டியதுதான். மாரிச்சாமி கடிவாளத்தை இன்னும் கிட்டப் பிடித்தான்.

எட்டு வயது இவாஞ்சலினை ஏற்றினார்கள். ஹெல்மெட்டோடு குனிந்து, சேணத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக்கு ஒருவர் தாங்கி வந்தார்கள். பத்தடி போனதும் சம்பங்கி நின்றுவிட்டாள். எதிரே, ஆயுத பூஜைக்குத் தோப்பு வாசலில் கட்டிய வாழை மரங்கள்!

"ஏட்டி, நடட்டி! மானத்த வாங்காத!"

சம்பங்கி அசைவேனா என்றாள்.

"என்னண்ணே இது?"

மாரிச்சாமி தலையைச் சொறிந்தான். "வாழ மரத்தப் பாத்தா கல்யாண வாசல்னு நினைச்சுக்கிடுதா டாக்டரம்மா. ஆரத்தி எடுக்காம உள்ள போகமாட்டா."

இவாஞ்சலின் கெக்கலித்தாள். "அப்ப நாந்தான் மாப்பிள்ளையா? எம்மா, சுத்தும்மா!"

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் அவள் அம்மா அன்னாள் விழித்தாள். பிறகு டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சம் சோற்றை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"மாப்பிள குனியக்கூடாதுத்தா, போட்டோவில மூஞ்சி விழாது!" என்று கத்தினான் மாரிச்சாமி.

இவாஞ்சலின் நிமிர்ந்தாள். சம்பங்கி ராஜநடை போட்டாள். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. சேணத்திலிருந்து ஒரு கை எழுந்தது, மறு கையும் எழுந்தது. தென்னை மரங்களுக்கெல்லாம் கும்பிடு!

ஆறு மாதமாக, தரையில் உட்கார வைத்து, ஊன்றிய அந்த இரண்டு கையைத்தான் எடுக்கச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் செலினா. வாயைப் பொத்திக்கொண்டு கூடவே ஓடினாள்.

சுற்று முடிந்து வாழை மரத்தடியில் சம்பங்கி மறுபடி நின்றாள். மாரிச்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

"அன்னாள் அக்கா," என்றது செலினாவின் குரல், "அந்த மூடிய இங்க கொடுங்க. இந்தத் தடவ நான் சுத்துதேன்."