வலது கால் சாம்பிள்

தமிழினி போராடி வாங்கியவற்றைச் சொல்லத் தொடங்கினால் அவள் அக்கா சௌந்தரத்தின் தட்டில் சோறு ஆறிப் போகும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் பாடம் நடத்திய காலணி டிசைன் டிப்ளமாவில் இடம் வாங்கினாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, படிப்பை முடிக்க அப்பாவிடம் சம்மதம் வாங்கினாள். ஆம்பூரில் அக்காவும் தங்கையும் வேலைக்குப் போகும் ஷூ கம்பெனியில், அதுவரை ஆண்களே உட்கார்ந்திருந்த, புது மாதிரிகளை வெட்டும் பேட்டர்ன் மேசைகளில் ஜன்னலோர மேசையை வாங்கினாள். காலணி வாங்க இத்தாலியிலிருந்து வந்த ஒரு பையரிடம், "இதை யார் வெட்டியது?" என்ற கேள்வியையும் வாங்கினாள். அதற்கு மேனேஜர் சொன்ன பதில், "எங்கள் டீம்."

பெயரை மட்டும் அவளால் வாங்க முடியவில்லை. அந்தக் கம்பெனியில் எந்தக் காலணியும் வெளிநாட்டுப் பெயர் குத்தப்பட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும்.

"என் பேரு போட்டு ஒரே ஒரு ஜோடி வெளிய வர்ணும்க்கா. அது போதும் எனக்கு," என்பாள் தமிழினி.

எட்டாவதோடு நின்றுவிட்ட சௌந்தரம் மேல்பாகம் தைக்கும் மெஷினில் உட்காருகிறவள். பெடலை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் பெருவிரல் மூட்டில் கொட்டைப்பாக்கு போல எலும்பு புடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் காலணி தைத்த கைகள். ஆனால் அந்தக் காலில் ஏறுவது ரப்பர் செருப்பு மட்டும்தான், அதுவும் புடைத்த இடத்தில் பிளேடால் அறுத்துவிட்ட செருப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழினி டேப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"கால அசைக்காத. அளவு மாறிச்சின்னா பேஜாராயிடும்."

"எந்தக் கடை செருப்புடி இந்தக் காலுக்குள்ள நுழையும்? வுடு, கறி அடுப்புல கீது."

"கடைச் செருப்ப யாரு சொன்னா? நான் எதுக்கு கீறேன்?"

கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு ஜோடி பிளாஸ்டிக் கால் அச்சைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். வலது அச்சின் பெருவிரல் மூட்டில் சின்னச் சின்னத் தோல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அக்காவின் புடைப்பை அப்படியே எழுப்பினாள். வாரை நேராகக் கொண்டுபோனால் எலும்பில் இடிக்கும். அதனால் கணுக்காலிலிருந்து இறங்கிய வார், புடைப்புக்கு முன்னால் ஒதுங்கி, சுற்றி வளைந்து, சுண்டுவிரல் பக்கம் ஏறியது. கத்தரிப்பூ நிறத் தோல். இடது காலில் புடைப்பு இல்லை. அங்கே வார் நேராகவே போனது. வலது காலின் வளைவு வலிக்காகப் போட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள், அவ்வளவு அழகு.

பசை காய்ந்த அன்றே விஜயகுமாரி வந்தாள். டிப்ளமாவில் தமிழினியோடு ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ். இப்போது சென்னையில் பெயர் பெற்ற ஒரு டிசைனர் மேடத்துக்கு உதவியாளர். வந்தவள் அலமாரி மேலிருந்த ஜோடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏய், இன்னாடி இது! மேடம் கிட்ட காட்றேன். உன் பேரச் சொல்லி காட்றேன். வலது கால மட்டும் குடு."

"நான் போட்டுக்கூடப் பாக்கலியே விஜி," என்றாள் சௌந்தரம்.

"ஒரு வாரத்துல வந்துடும்க்கா. உங்க காலு எங்க ஓடிடப் போவுது?"

மூவரும் சிரித்தார்கள். தமிழினி கொஞ்சமும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். ஆம்பூரில் எந்தக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம்: பார்வைக்குப் போகும் சாம்பிள் ஒரு காலாகத்தான் போகும், மற்ற கால் செய்தவரிடமே இருக்கும். விஜயகுமாரி போன பிறகு சௌந்தரம் முணுமுணுத்தபோதும் தமிழினி, "ஒத்தக் கால வெச்சிக்கினு யாருக்கா இன்னா பண்ண முடியும்?" என்றாள்.

ஒரு வாரம் பல மாதமானது. கேட்டபோதெல்லாம், "மேடம் வெளியூர்," என்றாள் விஜயகுமாரி.

ஆகஸ்டில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழினி போனை நீட்டினாள். சென்னை ஓட்டல் ஒன்றில் நடந்த ஃபேஷன் ஷோ. உயரமான பெண்கள் சிரிப்பில்லாமல் ராம்ப்பில் நடந்து வந்தார்கள். உடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரத்தின் கண் கீழே இறங்கியதும் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

"தமிழு, இது என் காலுடி."

தங்க நிறம் பூசியிருந்தார்கள். ஆனால் அதே ஒதுக்கம், அதே வளைவு. கடைசியில் மேடம் மேடைக்கு வந்து, பாலாற்றங்கரையில் ஒரு மாலை நடந்தபோது அந்த நதியின் வளைவு தன்னைத் தொட்டதாகவும், அதுவே இந்தக் காலணியாகப் பிறந்ததாகவும் சொன்னார்.

"இன்னாது, பாலாறா?" சௌந்தரத்துக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பெடல் மிதிச்சி வந்த எலும்புடி அது!"

தமிழினி படத்தை நிறுத்தி விரலால் பெரிதாக்கினாள். "இடது காலயும் வளைச்சிருக்காங்க பாரு. அவங்க கிட்ட இருந்தது வலது மட்டும்தான. அத அப்பிடியே திருப்பிப் போட்டுட்டாங்க." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "விஜிக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா."

விஜயகுமாரி போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் சென்னைக்கு ரயிலேறினார்கள்.

மேடத்தின் கடை இருந்த ஷாப்பிங் மாலில் கீழ்த்தளம் முழுக்க வாசனைப் புட்டிகளும் உதட்டுச் சாயங்களும். கறுப்புச் சட்டைப் பெண் ஒருத்தி காகிதத் துண்டில் எதையோ பீச்சி சௌந்தரத்திடம் நீட்டினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். மேல் தளத்தில் அந்தக் கடை. கண்ணாடிப் பீடத்தில், விளக்கு வெளிச்சத்தில் அந்த ஜோடி இருந்தது. உள்ளே மேடத்தின் பெயர், சாய்ந்த கையெழுத்தாக, தங்கத்தில்.

"போட்டுப் பாருக்கா," என்றாள் தமிழினி.

வலது கால் வெண்ணெயில் போவது போல உள்ளே போனது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வார் அந்த எலும்பைத் தொடாமல் விலகி நின்றது. இடது காலில் வளைவு வெறுமனே தூக்கிக்கொண்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. கடைப் பெண் குனிந்து பார்த்து, "உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு மேம்," என்றாள்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த விஜயகுமாரி இவர்களைக் கண்டதும் நின்றாள். பிறகு தமிழினியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இங்க சத்தம் போடாதடி. என் வேல போயிடும்."

"நான் சத்தமே போடலியே. என் பேரச் சொன்னியா, அத மட்டும் சொல்லு."

விஜயகுமாரி தரையைப் பார்த்தாள். "நான் வரைஞ்சேன்னு சொன்னேன். அப்பதான் வேல நிரந்தரமாச்சி. கடைசியில மேடம் அவங்க பேரத்தான் போட்டுக்கினாங்க. எனக்கும் ஒண்ணும் கெடைக்கல."

"ஒரே டப்பாவுல சாப்ட்டீங்களேடி," என்றாள் சௌந்தரம். "எம் பொண்ணு மாதிரி பரிமாறினேனே உனக்கு."

அடிபட்டதுபோல விஜயகுமாரி நிமிர்ந்தாள். "நீங்க மட்டும் இன்னாக்கா? தெனம் எவன் பேரையோ குத்தி பெட்டி பெட்டியா அனுப்புறீங்க. அப்பல்லாம் வராத கோவம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சி?"

தமிழினி அக்காவின் காலிலிருந்து அந்தக் காலணியைத் தானே குனிந்து கழற்றி, பீடத்தில் இருந்தபடியே வைத்தாள். வார்களைக்கூட நேராக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

திரும்பும் ரயில் காட்பாடியைத் தாண்டியது. தமிழினி கேட்டாள்: "கம்பெனியில குத்துறப்ப நம்மளுக்குச் சொல்லிட்டுத்தான குத்துறாங்க? சம்பளம் குடுத்துட்டுத்தான குத்துறாங்க?"

"ஆமாடி."

"இவ எதயும் சொல்லலியேக்கா."

சௌந்தரத்தின் பர்சிலிருந்து அந்த வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது. காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள்.

மேடத்தின் கடையில் அந்தக் காலணி இன்றும் விற்கிறது. விஜயகுமாரி அதன்பிறகு ஆம்பூர்ப் பக்கம் வரவில்லை.

வீட்டு அலமாரியில் இடது கால் மட்டும் தூசி பிடித்து நின்றது. சென்னை போய் வந்த மறு ஞாயிறு தமிழினி பழைய அச்சை எடுத்தாள். தோல் துண்டுகள் ஒட்டிய புடைப்பு அப்படியே இருந்தது. மீந்த கத்தரிப்பூத் தோலில் புதிதாக ஒரு வலது கால் வெட்டினாள். சௌந்தரம் தைத்துக் கொடுத்தாள். அடித்தோலை ஒட்டுவதற்கு முன், தோலில் கோடு போடும் வெள்ளிப் பேனாவை எடுத்து அடித்தோலின் குதிகால் பக்கம் கொண்டுபோனாள் தமிழினி.

"எங்க போடுறடி? அங்க என் குதிகால் வரும். யாருக்கும் தெரியாதே," என்றாள் சௌந்தரம்.

"உனக்குத் தெரியுமில்ல?"

தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டாள். 18 ஆகஸ்ட் 2024.