கதவு எண் இல்லாத வீடுகள்

நகரச் சுகாதார அலுவலகத்தில் நோய்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளை எல்லோரும் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் யாருக்கு என்ன தொற்றுநோய் வந்தாலும் அது ஒரு படிவமாக அவள் மேசைக்கு வரும். அதைக் கணினியில் ஏற்றினால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பதினெட்டு வருஷம் தாளில், கடைசி இரண்டு வருஷம் திரையில். அவள் பதிவில் பிழை கண்டுபிடிக்க ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தாள்.

புதிதாக வந்திருந்த சுகாதார அதிகாரி வரைபடத்தைச் சுவரில் காட்டினார். இரண்டு மாதத்தில் மஞ்சள் காமாலை முப்பத்தொரு பேருக்கு. அதில் இருபத்திரண்டு புள்ளிகள் கடைவீதியில் ஒரே இடத்தில் ஈயாக மொய்த்துக்கொண்டிருந்தன.

"குடிதண்ணிக் குழாய்ல சாக்கடை கலக்குது, வேற ஒண்ணும் இல்ல. இந்த சீசனுக்கு ஒரு தெருவத் தோண்டத்தான் அனுமதி. திங்கட்கிழமை கடைவீதியத் தோண்டறோம்" என்றார் அதிகாரி.

எல்லோரும் தலையாட்டினார்கள். புள்ளியம்மாவுக்கு மட்டும் தலை ஆடவில்லை. அந்த இருபத்திரண்டில் ஒருவர்கூடக் கடைவீதிக்காரர் இல்லை. எல்லோரும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு; அங்கே வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. எண் கட்டத்தைக் காலியாக விட்டாலோ கணினி படிவத்தை ஏற்காமல் கத்தும். கத்துகிறதே என்று அவள் தன் அலுவலகத்தின் கதவு எண்ணையே தட்டிவிடுவாள், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று. அந்த அப்புறம் இரண்டு வருஷமாக வரவேயில்லை. அலுவலகம் இருப்பது கடைவீதியில்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் டவுன் பஸ் டிரைவர்.

"கம்முனு இரு. ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம். எதுக்கு வம்ப வெலைக்கு வாங்கறே?"

"நான் போட்ட புள்ளிங்க. நானே எடுத்தாகணும்."

"நீ யார் பேச்சக் கேட்டிருக்கே, என் பேச்சக் கேக்க" என்று முறைத்துக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் காலையில், நிறுத்தமே இல்லாத ரயில்வே கேட்டில் பஸ்ஸை நிறுத்தி அவளை இறக்கிவிட்டவரும் அவர்தான்.

மூன்று நாள் லீவு. கையில் அந்த இருபத்திரண்டு பேரின் தாள் படிவங்கள், ஒரு பெரிய சார்ட் அட்டை, பென்சில். படிவங்களின் ஓரத்தில், அவற்றை நிரப்பிய நர்ஸ் எழுதியிருந்த அடையாளங்கள்தான் வழிகாட்டி: 'தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பச்சைக் கதவு.' டேப் இல்லை, காலடியால் அளந்தாள். தொட்டியிலிருந்து முதல் சந்து அறுபது அடி, அங்கிருந்து பச்சைக் கதவு இருபத்தேழு அடி. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே கேள்வி: யாருக்கு வந்தது, தண்ணி எங்கே பிடிக்கிறீர்கள்?

பச்சைக் கதவைத் திறந்தது ஒரு தையல்காரம்மா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"எழுதிட்டுப் போனவங்க ஏகப்பட்ட பேரு. திரும்பி வந்தவங்கதான் யாரும் இல்ல" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவள் மகனுக்குத்தான் காமாலை. உள்ளே மருமகள் எட்டு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்பதைப் புள்ளியம்மா தன் படிவங்களிலேயே படித்திருக்கிறாள்.

"தண்ணியக் கொதிக்கவெச்சுக் குடுங்கம்மா."

"நான் கொதிக்கவெப்பேன். தெரு முழுக்க யாரு கொதிக்கவெப்பா?"

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இருபது வீடு அட்டையில் ஏறிவிட்டது. பத்தொன்பது வீடு ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தது. அடிபம்பு வைத்திருந்த பின் சந்தில் ஒருவருக்கும் நோயில்லை. குழாய் வந்த வழியே பின்னால் நடந்தாள். சைக்கிள் கடைக்குப் பின்னால் அது சாக்கடைச் சேற்றுக்குள் இறங்கி, நாற்பது அடி தள்ளித்தான் வெளியே வந்தது. கண்டுபிடிக்க முடியாத இரண்டு வீடுகளை 'தெரியவில்லை' என்றே எழுதினாள். இட்டுக்கட்டி நிரப்பிய காலம் போதும்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் வேற சொல்லுதேம்மா?"

"அது சொல்லல சார். நான் சொல்லவெச்சேன்." எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "உத்தரவு மேல போயாச்சு. மாத்தணும்னா தப்பு யாருதுன்னு எழுதிக் குடுக்கணும். தெரியும்ல?"

"எழுதியே கொண்டாந்துட்டேன் சார். கையெழுத்தும் போட்டாச்சு."

கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். சனிக்கிழமை காலையில் தானே குளோரின் சோதனைக் குப்பியோடு வந்தார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும்; சாக்கடை கலந்திருந்தால் குளோரின் தீர்ந்துபோய் நிறம் மாறாது. கடைவீதிக் குழாயில் மஞ்சளானது. சைக்கிள் கடையைத் தாண்டி, குடியிருப்பின் தெருக்குழாயில் பிடித்தது நிறமே மாறவில்லை. உடனே போனை எடுத்தார்.

திங்கட்கிழமை மண்வெட்டிகள் ரயில் பாதையைத் தாண்டின. மேஸ்திரி இரண்டு இடத்தில் தோண்டியும் குழாய் அகப்படவில்லை.

"அம்மா, உங்க காலடி கணக்கெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது."

"உங்க கால் நீளம் மேஸ்திரி. நகருங்க" என்று அவளே நடந்து காட்டினாள். அவள் நின்ற இடத்தில் குழாய் இருந்தது. இணைப்பில் விரல் நுழையும் அளவு விரிசல். சாக்கடைத் தண்ணீர் உள்ளே போவதை ஊரே நின்று பார்த்தது. சிலருக்கு அங்கேயே குமட்டியது.

தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். மருமகளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாள். அப்புறம் அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதிட்டுப் போனாங்களே, இத்தனை நாளா உங்க கம்ப்யூட்டர்ல நாங்க எங்கம்மா இருந்தோம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாரையாவது கைகாட்டியிருக்கலாம். "எங்க ஆபீஸ்லயே" என்றாள் புள்ளியம்மா. "என் நாற்காலி இருக்கற இடத்துலயே."

தையல்காரம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது புள்ளியம்மாவுக்கு.

"அவ்வளவு பக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.