தேதியைக் கேட்டால் கோப்பு இல்லையாம்

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அம்மாவுக்கு மட்டுந்தானா என்று அவளுக்கே சந்தேகம் உண்டு.

அலுவலகத்தில் ஒரு புதிய கணினி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மொழியில் எழுதியதை வரிவரியாகப் படித்து ஓட்டுவது இன்டர்பிரெட்டர். கடினமான வேலைகளை, சி என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஃபங்ஷன்கள் எனும் சிறு நிரல்களிடம் அது விட்டுவிடும். அங்கே ஏதாவது கெட்டுப்போனால் இன்டர்பிரெட்டருக்கு எப்படிச் சேதி சொல்வது? அந்த ஏற்பாட்டை வகுப்பது அவள் பொறுப்பு. அது தேறினால்தான் வேலை நிரந்தரம்.

கெட்ட இடத்திலிருந்து நேரே மேலே இன்டர்பிரெட்டருக்கே தாவிவிடலாம் என்பான் பக்கத்து மேசைக்காரன். திறந்த கோப்புகள் மூடாமல் கிடக்குமே என்றால், கிடக்கட்டும் என்பான். 'தாவல்' என்றே அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவள் வழி வேறு. கெட்டுப்போன ஃபங்ஷன் பிழையைக் குறித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதை அழைத்த இடத்தில் உடனே அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழுத்தலைவிக்கு ஓட்டிக் காட்டிய அன்று, தேதியைக் கேட்ட வரியில் 'கோப்பு இல்லை' என்று வந்து நின்றது.

"தேதி எதுக்கும்மா கோப்பத் தேடுது?" என்றார் தலைவி.

"இன்னிக்கு நாள் சரியில்ல போல," என்றான் தாவல்.

தேதி ஃபங்ஷனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு குற்றமும் இல்லை. நடுவில் அம்மா போன் செய்தாள்.

"ஒரு ஃபங்ஷன்மா. எங்க தப்புன்னே தெரியல."

"யார் வீட்டு ஃபங்ஷன்? நமக்குச் சொல்லவே இல்லையே."

போனை வைத்துவிட்டு மறுபடியும் புரட்டினாள்.

மாலையில்தான் அகப்பட்டது. தேதிக்கு முன்பு ஓடிய ஃபங்ஷன், தனக்கு வேண்டிய கோப்பைக் காணாமல் பிழையைக் குறித்துவிட்டுத் திரும்பியிருந்தது. அதை அழைத்த இடத்தில் குறிப்பைப் பார்க்க இவள் மறந்திருந்தாள். குறிப்பு அப்படியே கிடந்து, அடுத்து வந்த தேதியின் தலையில் விழுந்தது.

"மறந்தது நான்தான் மேடம். ஏற்பாட்டுல தப்பில்ல."

"வகுத்த நீயே மறக்குற. நாளைக்கு எழுதுறவங்க மறக்க மாட்டாங்களா?"

பரீட்சையில் மார்க் குறைந்தபோதும் இப்படித்தான், கேள்வி கடினமா, அல்லது தான்தான் மக்கா என்று கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஒரு தடை வைத்தாள். பார்க்காத குறிப்பு இருந்தால் அடுத்த ஃபங்ஷனுக்குள் நுழைய விடாது; பார்க்கத் தவறிய இடத்தையும் சொல்லிவிடும். ஓட்டிய உடனே அவள் எழுதிய இடங்களே வரிசையாக மாட்டின. தலைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இதையே வெச்சுக்கலாம்."

"அப்ப என் வேலை மேடம்?"

"இவ்வளவையும் சரிபண்ண ஆள் வேணுமே. உன்னை விட்டா யாரு?"

பாராட்டா, திட்டா? இருக்கைக்கு வந்து தாவலைக் கேட்டாள்.

"இதுக்கு நிரந்தரம்னு அர்த்தமா?"

"எங்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"வருஷமாச்சு. நானும் திருப்பிக் கேக்கல."