நாத்தம் தெரியாத அஸ்பாக் பாய்

அஸ்பாக் பாய்க்கு மூக்கு செத்துப் பல வருஷமாச்சு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கி ஏற்றியே பாதி ஆயுசு போனதில், பிரியாணி வாசமும் சாக்கடை நாத்தமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. இடுப்பு விட்டுப்போனதும், அதே ஷாப்பின் பின்புறம் இருக்கும் நார்ப்படுகையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கழிவுத்தொட்டியின் நாத்தக் காற்றை ஃபேன் இழுத்து, தென்னைநாரும் மக்கிய எருவும் நிரப்பிய அந்தப் படுகைக்கு அடியில் விடும். நாரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாத்தத்தைத் தின்றுவிடும். மேலே வருவது நல்ல காற்று. அவை பிழைத்துக்கிடக்க ஈரம் வேண்டும். ஈரம் காயாமல் பார்ப்பதுதான் பாயின் வேலை.

இந்தச் சித்திரையில் போர் வற்றிவிட்டது. படுகைக்குத் தண்ணீர் வேண்டுமென்று மேனேஜர் பிரான்சிஸிடம் போய்ச் சொன்னார்.

"லாரித் தண்ணி தோலுக்கே பத்தல பாய். மழை வரட்டும்."

படுகை காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. பாய்க்கு வெடிப்பு தெரிந்தது, நாத்தம் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரி போட்டிருந்த மூக்காயிதான் வந்து நின்றாள். "என்ன பாய் இது, வீட்டுக்கதவத் தொறக்க முடியல. மருமக மாசமா இருக்கா, ஒரு வாய் சோறு எறங்கலை. ஒங்களுக்கு அடிக்கலையா?"

"எனக்கு மூக்கு போயி ரொம்ப நாளாச்சு தாயி." சொல்லும்போதே கூசியது.

மூக்காயி தன் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மாட்டுக்குன்னு கெணத்துல கொஞ்சம் தண்ணி கெடக்கு. சாணியும் இருக்கு. சொமந்துக்கிருவீகளா?" என்றாள்.

சுமந்தார். களைக்கொத்தியால் பாளத்தை உடைத்து, நுண்ணுயிர் மறுபடி பிடிக்கச் சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே ஈரச்சாக்கைப் போட்டார். ஒவ்வொரு குடத்துக்கும் இடுப்பு ஒரு தரம் கழன்று மாட்டியது. சாயங்காலமானால் சுவரோரம் நின்று, "இன்னைக்கு எப்படி தாயி?" என்பார்.

"அப்படியேதான் இருக்கு பாய்."

எத்தனையோ நாள் இதே பதில். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். மறுநாள் காலையில் கால் தானாகக் கிணற்றுக்குப் போனது.

ஒருநாள் அவர் கேட்குமுன்னே மூக்காயி சொன்னாள். "கொறைஞ்சிருக்கு பாய். மருமக ரசஞ்சோறு சாப்ட்டா."

முழுசாகப் போகவில்லை. படுகையின் ஓரம் முழுக்கச் செத்துவிட்டது; வாரிக் கொட்டிவிட்டுப் புதுநார்தான் போடவேண்டும். பாய்க்குச் சந்தோஷம்தான். அதைக் காட்ட உடம்பில் தெம்பில்லை.

"அப்ப நாளைக்கும் ஊத்தணும்," என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார்.