பெற்றோல் அடிக்காத புதன்கிழமை

வத்தளைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் நரைமீசைக்காரர் ஒருவர் தன் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் பின்னாலிருந்து கைகொடுத்தேன்.

“பெற்றோல் முடிஞ்சுதோ, அண்ணை?”

“ஓம். ஆனா இண்டைக்கு அடிக்கேலாது, தம்பி. விலை குறையுமட்டும் புதன்கிழமையில ஒருத்தரும் பெற்றோல் அடிக்கிறேல்லை எண்டு ஓட்டோ ஸ்டாண்டில முடிவெடுத்தனாங்கள்.”

அதே ஸ்டாண்ட் ஓட்டோக்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்தன. “அண்ணை, தள்ளித் தள்ளியே விலையை இறக்கிப்போடும்” என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான். அவர் ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்திக் காட்டினார்.

“அவங்கள் எப்பிடி ஓடுறாங்கள்?”

“நேற்றே டாங்கை நிரப்பிட்டாங்கள். என்னட்டை நேற்று சல்லி இல்லை.”

“அப்ப பெற்றோல் விக்கிறவனுக்கு என்ன நட்டம்? உங்களுக்குத்தானே” என்று சிரித்தேன்.

“ஒரு லீற்றராவது விக்காமக் கிடக்கும்தானே” என்றார் அவர். வழியிலிருந்த பெற்றோல் செட்டைத் திரும்பியும் பாராமல் தள்ளினார்.

அன்று நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலை அதே செட்டில் பெற்றோல் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாவதாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவர் அவர்தான். விலை குறைந்திருக்கவில்லை. விற்காமல் கிடந்த அந்த ஒரு லீற்றரை என் கையாலேயே அவருக்கு அடித்தேன்.